நாள்பட்ட நோயால் அடிக்கடி பள்ளிக்குப் போக முடியாத 14 வயது மகளைப் பின்தங்காமல் படிக்க வைப்பது எப்படி?

விடுபட்ட பாடங்கள் மலைபோல் குவிந்துவிட்டன, உடம்பு சற்றுத் தேறும் நாட்களில் உட்கார வைத்து முடிக்கப் பார்க்கிறோம், ஆனால் மறுபடியும் படுத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகனும் பதின்மூன்றாம் வயதிலிருந்து இப்படித்தான் இருக்கிறான். அவனுக்கு இருப்பது போட்ஸ் எனப்படும் கோளாறு. எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் இதயத் துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 40-க்கு மேல் கூடிவிடும். தலை சுற்றும், கண் இருட்டும், எதையும் நினைவில் நிறுத்த முடியாது. பார்ப்பவர்களுக்கு நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான பையனாகத்தான் தெரிவான்.

நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: விடுபட்டதைப் பிடிக்க வைக்காதீர்கள். அந்தக் குவியலை முழுவதுமாகத் தள்ளுபடி செய்யுங்கள். பள்ளியிடமும் அதையே கேளுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் தெம்பு கோடைக் கிணற்றின் நீர் போன்றது. இறைத்துவிட்டால் ஊறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நல்ல நாள் வந்தவுடன் பழைய பாக்கியை எல்லாம் அதன் தலையில் கட்டினால் அடுத்த நாட்கள் பறிபோகும். அந்த நாட்களில் விடுபடும் பாடங்கள் மீண்டும் பாக்கியில் சேரும். நாள்பட்ட சோர்வு நோயில் இது மிகக் கடுமையாக இருக்கும். உடலையோ மூளையையோ அளவுக்கு மீறி வருத்தியபின், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ நிலைமை மோசமாவது அந்த நோயின் மைய அறிகுறி என்று 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் அறிக்கை வரையறுத்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உழைப்பைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் பழைய உடற்பயிற்சி முறையைக் கைவிட்டது. கணக்குப் போடுவதும் கட்டுரை எழுதுவதும்கூட உழைப்புதான். படுத்துக்கொண்டு செய்தாலும் தெம்பு செலவாகும்.

எல்லா நோய்க்கும் இது அப்படியே பொருந்தாது. இளம்பருவ மூட்டுவாதத்தில் விறைப்பு காலையில் அதிகமாக இருக்கும். அசைந்து பழகினால் தளரும். அந்தப் பிள்ளைக்கு முற்பகல் பிந்தியோ பிற்பகலிலோ படிப்பது நல்லது. ஒற்றைத் தலைவலி உள்ளவருக்குத் திரையின் வெளிச்சமே எதிரியாகலாம். இணைய வழி வகுப்பு அவருக்கு உதவியல்ல, தண்டனை. குடல் அழற்சி நோயில் கழிவறை அருகில் இருக்கிறதா, கேட்காமல் எழுந்து போகலாமா என்பதே பள்ளிக்குப் போவதையும் போகாததையும் தீர்மானிக்கும். உங்கள் மகளின் நோய் எது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எதுவானாலும், எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறாள், எதற்குப் பிறகு சரிகிறாள் என்று சில வாரங்கள் குறித்துப் பாருங்கள். பதின்ம வயதில் உறக்க நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுப்பிப் படிக்க வைக்கும் வழக்கம் நோயில்லாத பிள்ளைக்கே சுமை.

எதைப் படிப்பது என்பதை ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் ஒரே கேள்வியால் முடிவு செய்யலாம்: "இந்தப் பாடத்தில் எதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த பாடம் புரியாது?" கணித ஆசிரியர் நீண்ட பட்டியல் தருவார். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், பின்னமும் இயற்கணிதமும் தெரியாமல் மேலே நகர முடியாது. வரலாறு, புவியியல் ஆசிரியர்கள் நேர்மையாக யோசித்தால் மிகச் சிலவற்றையே சொல்வார்கள். ஒரு வகைக்கு முப்பது கணக்குகள் இருந்தால் ஐந்து போதும். ஐந்தும் சரியாக வந்தால் அத்துடன் நிறுத்திவிடலாம். இதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். பள்ளி நாளில் கணிசமான பகுதி வருகைப்பதிவிலும், வரிசையில் நிற்பதிலும், ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்ப எழுதுவதிலும் போகிறது. அதைக் கழித்துவிட்டால், கற்பதற்கு உண்மையில் தேவைப்படும் நேரம் நாம் அஞ்சுவதைவிடக் குறைவு.

எழுதுவதைக் குறையுங்கள், பேசுவதைக் கூட்டுங்கள். என் மகன் படுத்தபடியே பாடத்தை ஒலியாகக் கேட்பான். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் எனக்கு அதை விளக்குவான். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நன்றாகப் பதியும் என்பது ஆய்வுகளில் பலமுறை நிறுவப்பட்டது. கை வலியும் இல்லை. சிந்தனையே மங்கிப்போகும் நாட்களில் பாடத்தைத் தொட வேண்டாம். அன்று ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள், அல்லது சும்மா விடுங்கள்.

பள்ளியிடம் பேசும்போது "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் கேட்டால் அனுதாபம்தான் கிடைக்கும். வேண்டியதை எழுத்தில் கொடுங்கள். மருத்துவரின் கடிதத்தில் நோயின் பெயரைவிட அதன் விளைவு முக்கியம்: தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடியும், மாடி ஏற முடியுமா, எழுத எவ்வளவு கூடுதல் நேரம் வேண்டும், தேர்வின் நடுவே இடைவேளை தேவையா, சொல்வதை எழுத ஒருவர் வேண்டுமா. நிலைமை நாளுக்கு நாள் மாறும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்ற கேள்வியைப் பிள்ளைதான் தனியாகச் சந்திக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களிடமும் நீங்களே அலைய வேண்டியதில்லை. பள்ளித் தரப்பில் பொறுப்பாக ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை நீண்டகால உடல் பாதிப்பையும் உள்ளடக்கியது. தனிநபரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைக் கல்வியில் செய்து தர வேண்டும் என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கேட்பது தயவு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நட்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் மிகுந்த கவலை தருகிறது. பாடத்தை வீட்டிலும் படிக்கலாம்; தோழிகளை வீட்டில் தயாரிக்க முடியாது. வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் பள்ளிக்குப் போகும் தெம்பு இருக்கிறது என்றால், அதை உணவு இடைவேளைக்கும் அவளுக்குப் பிடித்த ஒரு வகுப்புக்கும் கொடுங்கள். கணக்குப் பாடத்துக்காக அந்த இரண்டு மணியைச் செலவழிக்காதீர்கள். வெளியே போகவே முடியாத பிள்ளைகளுக்காக நார்வேயின் நோ ஐசோலேஷன் நிறுவனம் ஏவி1 என்றொரு சிறு ரோபோவை உருவாக்கியது. வகுப்பில் பிள்ளையின் இடத்தில் அது அமர்ந்திருக்கும். பிள்ளை படுக்கையிலிருந்தே பார்க்கலாம், கேட்கலாம், பேசலாம். பிள்ளையின் முகம் வகுப்பில் தெரியாது. நோயுற்ற தோற்றத்தைக் காட்ட விரும்பாத வயதுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கருவி இல்லாவிட்டாலும், குழுவாகச் செய்யும் வேலையில் அவளை ஒரு தோழியுடன் தொலைபேசி வழியே இணைத்துவிட முடியும்.

ஓராண்டு கூடுதலாக எடுத்துக்கொள்வதா, பாடங்களைப் பிரித்து எழுதுவதா, தனித்தேர்வராக எழுதுவதா என்பதை மகளோடு பேசி முடிவெடுங்கள். அவளுக்கு 14 வயது. மருந்து, ஊசி, ஓய்வு என்று அவள் உடம்பின் மேல் ஏற்கெனவே பலர் முடிவெடுக்கிறார்கள். படிப்பிலாவது அவள் சொல்லுக்கு எடை இருக்கட்டும். மருத்துவரிடம் பேசும்போதும் சில நிமிடங்கள் அவளைத் தனியாகப் பேச விடுங்கள். தன் நோயைத் தானே விளக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னாளில் கல்லூரியிலும் வேலையிலும் அது உதவும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, இதுவரை விடுபட்ட வீட்டுப்பாடங்கள் அனைத்தையும் நீக்கக் கேளுங்கள். பதில் வந்ததும் அதை மகளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கணிதப் பட்டியலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.