பியானோவில் இரண்டு ஸ்வரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளையும் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் ஆறு மாதமாக ஜெல்டா என்கிற வீடியோ கேம் விளையாடுகிறேன். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'. மலை, மழை, குதிரை எல்லாம் பிரமாதம். ஒரே குறை, இசையே இல்லை. மணிக்கணக்கில் காற்றும் பூச்சிச் சத்தமும்தான். நடுநடுவே யாரோ பியானோவைத் துடைக்கும்போது விரல் பட்டமாதிரி இரண்டு ஸ்வரம். அதனால் டிவி சத்தத்தை மூடிவிட்டு, போனில் என் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு விளையாடுகிறேன். இவ்வளவு பெரிய கம்பெனி இசைக்குச் செலவு செய்யவில்லையா? கேம் இசை சினிமா இசைக்குச் சமமாக முடியுமா? இந்த வரிசையில் அடுத்து எதை விளையாடலாம்? கார்டியன் என்கிற எதிரி இயந்திரம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் செத்துக்கொண்டே இருக்கிறேன். விளையாட்டில் வருகிற ஹட்சன் என்கிற தச்சர் ஊர் கட்டுவதற்கு 10 கட்டு மரம் கேட்டார், அப்புறம் 20, இப்போது 30. சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
கா.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மனது கெட்டுக் கிடந்தேன். மேளக்காரர்கள் இல்லை. நாகஸ்வரமும் தவிலும் ஸ்பீக்கரில், ஒரு பையனுடைய போனிலிருந்து. ஐயர் கையை உயர்த்திவிட்டார், மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டார், பையன் போனில் கெட்டிமேளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்த பிறகு மேளம் வந்தது. மண்டபத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை, அந்தப் பையனையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தாங்கவில்லை. அதே நினைப்பில் இருந்தவன் உங்கள் கடிதத்தைத் திறந்தால், டிவி சத்தத்தை மூடிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது தம்பி.

சினிமா இசைக்குச் சமமா என்கிற கேள்வியை விடுங்கள், அதில் சண்டை போடலாமே தவிர எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். சினிமாவுக்கு இசையமைப்பவர் கையில் காட்சி வெட்டி முடித்து வந்துவிடுகிறது. எத்தனையாவது நொடியில் கதவு திறக்கும் என்று அவருக்குத் தெரியும். கேமுக்கு எழுதுகிறவருக்கு அது தெரியாது. நீங்கள் கதவைத் திறக்காமல் பக்கத்திலிருக்கும் பானைகளை எல்லாம் உடைத்துக்கொண்டு இருபது நிமிடம் நிற்கலாம், அல்லது ஒரே ஓட்டமாக உள்ளே போய் அடிவாங்கலாம். இரண்டுக்கும் அவர் எழுதியாக வேண்டும், இரண்டும் உங்களுக்கென்றே எழுதினமாதிரி கேட்கவும் வேண்டும்.

ஜெல்டாவுக்கு முதலில் இசையமைத்த கோஜி கோண்டோ, அதைச் செய்கிற நிண்டெண்டோ கம்பெனியில் சேர்ந்தது 1984இல். அடுத்த வருடமே 'மாரியோ' விளையாட்டு. அதில் மிச்ச நேரம் 100க்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு விழுந்தடித்து ஓட ஆரம்பிக்கும். அதற்கும் முன்னால், 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கே ஸ்வரம், எதிரிகள் குறையக் குறைய நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி வேகம் கூடும். இதெல்லாம் ஆரம்பம். கோண்டோ பெரிதாகச் செய்தது 1998இல், ஜெல்டா வரிசையின் 'ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டில். ஹைரூல் சமவெளி என்று ஒரு பெரிய வெட்டவெளி, எங்கே போவதென்றாலும் அதைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பத்தாவது தடவை எரிச்சல் வரும். அதனால் அவர் ஒரு பாட்டாக எழுதாமல் எட்டெட்டு தாள வட்டத்துக்குச் சின்னத் துண்டுகளாக எழுதி, எதற்குப் பின்னால் எது வந்தாலும் ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்தார். எந்தத் துண்டு அடுத்து வரும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. நாயகன் லிங்க் நின்றுவிட்டால் அமைதியான துண்டுகள், எதிரி நெருங்கினால் சண்டைத் துண்டுகள், அவன் ஒழிந்தால் மறுபடியும் பயணம். தைத்த இடம் காதுக்குத் தெரியாது.

இதைப் படித்துப் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு என் மாமா ஞாபகம் வந்துவிட்டது. அவர் நாகஸ்வரக்காரர். ஏழாம் வகுப்பு லீவில் முகூர்த்தங்களுக்கு அவர்கூடத் தாளம் போடப் போயிருக்கிறேன். தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சபையில் சுற்றிக்கொண்டு வருவார்களே, அது எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பெரியவர் எழுந்து நின்று கண்ணைமூடிக் கும்பிடுவார், இன்னொருவர் சும்மா தொட்டு அனுப்புவார். அந்த நேரத்தில் மாமா ராகத்தைப் பெரிதாக விரிக்க மாட்டார். சின்னச் சின்னப் பிடியாக, எந்த இடத்தில் விட்டாலும் அறுந்தது தெரியாதமாதிரி வாசித்துக்கொண்டே இருப்பார். சீவாளி வாயில், கண் மணவறையில். ஐயரின் விரல் உயர்ந்த அந்தக் கணத்தில் எந்த ஸ்வரத்தில் இருந்தாலும் போட்டுவிட்டுக் கெட்டிமேளம். ஒருமுறை நான் பந்தியில் ஜாங்கிரி போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்து அந்த இடத்தைத் தவறவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "கை தாளத்துல இருந்தா போதாதுடா, கண்ணு அவங்ககிட்ட இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தலையில் குட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கோண்டோ செய்ததும் அதுதான். கண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர் நிரல். 1991இல் அமெரிக்காவில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டுக்காக இதற்கென்று ஒரு தனி அமைப்பையே உருவாக்கினார்கள். ஆள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால், பாட்டு தோதான இடம் வரும்வரை காத்திருந்து அடுத்ததற்குள் வழுக்கிப் போகும். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜெல்டாவிலேயே இருப்போம். 2002இல் வந்த 'விண்ட் வேக்கர்' விளையாட்டில் உங்கள் வாள் எதிரிமேல் படுகிற ஒவ்வொரு தடவையும் வாத்தியக்குழுவிலிருந்து ஒரு அடி விழும், ஓடிக்கொண்டிருக்கிற சண்டை இசையோடு பொருந்தி. நீங்களும் வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். 2011இல் வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' விளையாட்டில் ஒரு சந்தை, கடைக்குக் கடை நடந்தால் அதே மெட்டு வேறு வேறு வாத்தியத்துக்கு மாறும். எனக்கு இதையெல்லாம்விட நெஞ்சில் நிற்பது 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'. மூன்றே நாள், மூன்றாம் நாள் முடிவில் நிலா ஊர்மேல் விழப்போகிறது. அந்த மூன்று நாள் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. முதல் நாள் ஊருக்குள் துள்ளலான ஒரு மெட்டு. இரண்டாம் நாள் அதுவே கொஞ்சம் வேகமாக. மூன்றாம் நாள் இன்னும் வேகமாக, அடியில் என்னமோ ஒரு கெட்ட சத்தம் முனகிக்கொண்டே இருக்க. விளையாட்டின் கணக்கில் கடைசி ஆறு மணி நேரம் வந்ததும் மெட்டும் போய்விடும், பதிலுக்கு வருவது சாவு வீட்டு இசை. ஊர் மாறவில்லை, அதுவரைக்கும் மெட்டும் முதலில் கேட்டதுதான், ஆனால் கேட்கிற உங்களுக்கு வயிறு கலங்கும். அடுத்து எதை விளையாடலாம் என்று கேட்டிருந்தீர்களே, இதைத்தான்.

சரி, இப்போது உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இசைக்குச் செலவு செய்யவில்லை என்கிறீர்கள். ஹாஜிமே வகாய், மனாகா கட்டவோகா, யசுவாகி இவாத்தா என்று தேர்ந்த ஆட்கள் இருந்த இடம் அது. 2017இல், முப்பது வருடமாக மெட்டுக்குப் பேர்போன ஒரு தொடருக்குள் உட்கார்ந்து, மெட்டைப் போடாமல் இருக்கத் துணிந்தார்கள். வழக்கம்போலச் சமவெளிக்கு ஒரு கம்பீரமான பாட்டைப் போட்டிருந்தால் ஒருத்தரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பியானோவைத் துடைக்கும்போது விரல் பட்டமாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு நல்ல காது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தீர்களே என்பதுதான் என் ஆத்திரம்.

அந்த நிலத்தில் எல்லாமே அழிந்து நூறு வருடம் ஆகிவிட்டது. புல் இருக்கிறது, இடிந்த சுவர் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே நீங்கள் தனியாக நடக்கும்போது வாத்தியக்குழு கூடவே வந்தால் நீங்கள் தனியாக இல்லையே. இரண்டு ஸ்வரம் வந்து நிற்கிறது, அப்புறம் காற்று. அந்தக் காற்றைக் கேட்கவைக்கத்தான் அந்த இரண்டு ஸ்வரம். குதிரையில் ஏறி கொஞ்ச நேரம் விடாமல் போய்ப் பாருங்கள், பியானோ மெல்ல மெல்ல உங்களோடு சேர்ந்துகொள்ளும். இராத்திரியில் போனால் அதற்குள்ளே ஒரு பழைய மெட்டு மிக மெதுவாக, அடையாளம் தெரியாத அளவுக்கு இழுத்து, ஒலிக்கும். 1986இல் முதல் ஜெல்டாவின் தொடக்கத் திரைக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ'வைப் போடுவதாக இருந்து, காப்புரிமை இன்னும் முடியவில்லை என்று கடைசியில் தெரிந்து, கோண்டோ ஒரே இரவில் உட்கார்ந்து ஆக்கிய அதே மெட்டு. அது உங்கள் காதுக்கு வந்து சேருவது நீங்கள் இறங்காமல் குதிரையில் போய்க்கொண்டே இருந்தால் மட்டும்தான். உங்கள் போனில் ஓடுகிற பாட்டுக்கு நீங்கள் குதிரையில் இருக்கிறீர்களா, கிணற்றில் விழுந்தீர்களா என்று தெரியாது தம்பி. அது நல்ல பாட்டாகவே இருக்கட்டும். அதற்கு உங்கள்மேல் கண் இல்லை.

கார்டியனிடம் ஏன் செத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று இப்போது தெரிகிறதா? அது உங்களைக் குறிவைத்த உடனே பியானோ பதறிக்கொண்டு ஆரம்பிக்கும். முதுகுக்குப் பின்னால் நின்றால்கூட உங்கள் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். சத்தத்தை மூடியவருக்கு அது எப்படித் தெரியும்? மலைமேல் எங்கேயோ ஓர் அக்கார்டியன் கேட்டால் அங்கே பறவை மனிதன் காஸ் நிற்கிறார் என்று அர்த்தம், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஏறிப்போய் அவரைக் கண்டுபிடிக்கவேண்டும். நீங்கள் அவரை எத்தனை முறை தாண்டிப் போனீர்களோ.

விளையாட்டில் வருகிற கோட்டையைப் பற்றியும் எழுத நினைத்தேன். வெளியே முழங்குகிற இசை நீங்கள் உள்ளே நுழைந்ததும் வாத்தியம் மாறித் தணிந்துபோவது, அறுபடாமல். அதை நீங்களே போய்க் கேளுங்கள். கடைசியாக ஹட்சன். மரம் கேட்டதற்குச் சலித்துக்கொண்டீர்கள். 10 கட்டு கொடுத்தீர்கள், பெயர் 'சன்' என்று முடிகிற கோரான் இனத்து ஆள் ஒருவரைத் தேடிக் கூட்டிவந்தீர்கள். 20 கட்டு கொடுத்தீர்கள், கெருடோ இனத்துப் பெண் ஒருத்தி துணி தைக்க வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு இனத்தார் வந்து சேரும்போதும் அந்த ஊரின் இசையில் அவர்களுடைய ஊர் வாத்தியமும் வந்து சேர்ந்துகொள்கிறது. முதலில் ஹட்சன் தனியாகக் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது அங்கே என்ன கேட்டது, இப்போது என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கட்டிய ஊர், நீங்கள் அழைத்துவந்த ஆட்கள், அந்தப் பாட்டு உங்களால் நிறைந்துகொண்டிருக்கிறது, நீங்கள் மட்டும் கேட்கவில்லை.

இன்னும் 30 கட்டு, அப்புறம் ஒரு 50. மொத்தம் எண்பது. வெட்டுங்கள். ரிட்டோ இனத்தான் ஒருவன் வருவான், கடைசியில் ஜோரா இனத்துக் கிழவர் ஒருவர் வருவார், அவர் புரோகிதர். முன்கூட்டியே சொல்லிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே ஒரு கல்யாணம் நடக்கப்போகிறது, ஹட்சனுக்கும் அந்தத் தையல்காரப் பெண்ணுக்கும். அன்றைக்குப் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு, டிவி சத்தத்தைத் திறந்து வையுங்கள். பிள்ளை எழுந்துவிட்டால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.