கட்டுத்தரைக் கேள்விகள்

(பதில் சொல்பவர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையோரத்து பால் சொசைட்டி ஒன்றில் 26 வருஷம் செயலாளராக இருந்தவர். இப்போது வீட்டில் மூன்று கறவை.)

கே: என் மாடு ஒரு நாளைக்கு 9 லிட்டர் கறக்கிறது. கலப்புத்தீவனம் 6 கிலோ, வைக்கோல் ஒரு பிடி போடுகிறேன். காலைப் பால் சீட்டில் கொழுப்பு 3.1 சதவீதம், எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்து) 8.5. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மத்தியானச் சீட்டில் கொழுப்பு 4. நான் சொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை. மெஷின் கோளாறா, ஆள் கோளாறா? – வாசகி, வேலந்தாவளம்

ப: நீங்கள் தண்ணீர் கலக்கவில்லை என்று சீட்டே சாட்சி சொல்கிறது, அம்மணி. கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். பசும்பாலுக்கு வைத்திருக்கும் கீழளவு கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3. உங்களுக்கு கொழுப்பு மட்டும்தான் இடிக்கிறது.

முதலில் கன்றைப் பாருங்கள். மடியிலிருந்து முதலில் வருவது நீர்த்த பால், கடைசியில் வருவதுதான் கொழுத்தது. நான் செயலாளராக இருந்தபோதே என் வீட்டுப் பால் 3-ஐத் தாண்டவில்லை. ஊரே சிரித்தது. விசாரித்தால், வீட்டுக்காரி கன்றுமேல் இரக்கப்பட்டு கடைசிக் கால் லிட்டரை அதற்கு விட்டிருக்கிறாள். கன்று முதலில் குடிக்கட்டும் என்று மாற்றினோம். கன்றும் வாடவில்லை, சீட்டும் ஏறிவிட்டது.

அப்புறம், நேரம். விடியக்காலை 4 மணிக்கும் பகல் 2 மணிக்கும் கறந்தால், ராத்திரி இடைவெளி 14 மணி நேரம் ஆகிவிடுகிறது. காலையில் பால் கூடும், கொழுப்பு குறையும். சொசைட்டி வண்டி வரும் நேரத்தை நீங்களும் நானும் மாற்ற முடியாது. அக்காவின் மத்தியானச் சீட்டோடு உங்கள் காலைச் சீட்டை ஒப்பிட்டு மனசு நோகாதீர்கள்.

ஆனால் உங்கள் காசு ஒழுகுவது தீவனத்தில். மாட்டின் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, லிட்டருக்கு 400 கிராம் என்பது கணக்கு. 9 லிட்டருக்கு 5 கிலோ சொச்சம் போதும். நீங்கள் தினமும் முக்கால் கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கொட்டிக் கொழுப்பையும் இறக்குகிறீர்கள். வயிற்றில் நார் புளித்தால்தான் பாலில் கொழுப்பு ஏறும். பசும்புல் 20 கிலோவாவது போட்டு, வைக்கோலையும் சோளத்தட்டையும் தாராளமாக வையுங்கள். தீவனத்தை ஒரே நாளில் குறைத்துவிடாமல் ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் நோட்டில் ஒட்டி வையுங்கள். என்றைக்காவது கொழுப்பு நின்று எஸ்.என்.எஃப். மட்டும் சரிந்தால் மடிநோய் சந்தேகம். அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கே: டிகிரி முடித்துவிட்டேன். லோன் போட்டு 10 மாடு வாங்கலாம் என்றால் அப்பா திட்டுகிறார். – வாசகர், எருத்தேம்பதி

ப: அப்பா பக்கம்தான் நான். பத்தையும் ஒன்றாக வாங்கினால் பத்தும் கிட்டத்தட்ட ஒன்றாக வற்றும். லோன் தவணை வற்றாது. முதலில் இரண்டு வாங்கு, தம்பி, ஆறு மாசம் கழித்து இரண்டு. அதற்கும் முன்னால் கோ-4 தீவனப்புல் கரணை நடு. முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள், பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை. நம் பக்கம் மழை மறைவுப் பூமி, போர்வெல்லை நம்பிப் பத்து மாட்டுக்குப் புல் வளர்ப்பது சுலபமில்லை. கிசான் கிரெடிட் கார்டு மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு, கேட்டுப் பார். ஆலத்தூரில் பால்வளத் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது. பாடம் மலையாளத்தில்தான் நடக்கும். பயப்படாதே, கொழுப்புக்கு அங்கேயும் கொழுப்பு என்றுதான் பெயர்.

கே: எங்கள் கட்டுத்தரைச் சாணித் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றோரம் ஓடுகிறது. தினமும் சண்டை. – வாசகி, வடகரப்பதி

ப: சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம். நாலைந்து மாடு இருந்தால் சாணி தினமும் 50 கிலோவுக்குக் குறையாது. இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு அது போதும், ஒரு குடும்பத்துச் சமையலும் நடக்கும். சாணிக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து விடுங்கள். வெளியே வரும் கரைசலைப் புல்லுக்குப் பாய்ச்சுங்கள். வெயிலில் குவித்து வைக்கும் சாணியில் தழைச்சத்து காற்றோடு போய்விடும். கலன் வரும்வரைக்கும், கழுவுகிற தண்ணீரையாவது இன்றைக்கே வாய்க்கால் வெட்டி உங்கள் தென்னைக்குத் திருப்புங்கள். அவர்கள் வீட்டுக்கு அரை லிட்டர் மோரும் கொடுத்தனுப்புங்கள்.

கே: மாடு ஏப்பம் விட்டு உலகம் சூடாகிறதாமே? – வாசகர், கோபாலபுரம்

ப: ஏப்பத்தில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இருப்பது உண்மை. கறக்கிற மாடும் ஏப்பம் விடும், ஒன்றரை வருஷமாகச் சினை பிடிக்காமல் சும்மா நிற்கிற மாடும் விடும். உங்கள் கட்டுத்தரையில் இரண்டாவது ரகம் எத்தனை நிற்கிறது? 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி போடச் சொல்லுங்கள், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை.