மாநகராட்சி வேலை கான்ட்ராக்டுக்கு போயிட்டா ஸ்ட்ரைக் பண்ண முடியுமா?

முடியும். கான்ட்ராக்ட் ஆளுக்கு உரிமையே இல்லன்னு சூப்பர்வைசர் மிரட்டுறதெல்லாம் சும்மா, சங்கம் வைக்கலாம், முறையா நோட்டீஸ் குடுத்துட்டு ஸ்ட்ரைக்கும் பண்ணலாம், நோட்டீஸ் இல்லாம இறங்கினா சட்டவிரோதம்னு ஆக்கிடுவாங்க. சிக்கலே முதலாளி யாருங்கறதுலதான். 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி ஆபீஸான ரிப்பன் மாளிகை முன்னாடி உக்காந்தாங்களே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல தூய்மைப் பணியாளர்கள், அவங்க வேலை கேட்டது மாநகராட்சிகிட்ட, மாநகராட்சியோ கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனில போய் சேருங்கன்னுச்சு, கடைசில 13ஆம் தேதி ராத்திரி கோர்ட் உத்தரவைக் காட்டி போலீஸ் அள்ளிட்டுப் போச்சு (கோர்ட் சொன்னது நடைபாதையை காலி பண்ணச் சொல்லித்தான்).

செயில்ங்கற அரசு ஸ்டீல் கம்பெனி வழக்குல சுப்ரீம் கோர்ட் 2001ல குடுத்த தீர்ப்புப்படி, கான்ட்ராக்ட் முறையை அரசு தடை பண்ணாலும் தானா பெர்மனன்ட் ஆயிட முடியாது, கான்ட்ராக்டே வெறும் கண்துடைப்புன்னு தொழில் தீர்ப்பாயத்துல நிரூபிக்கணும், அதனால பழைய அட்டெண்டன்ஸ், பிஎஃப் ஸ்லிப் எதையும் தூக்கிப் போடாதீங்க. கான்ட்ராக்டர் சம்பளம் தராம ஏமாத்தினா அதை மாநகராட்சிதான் தரணும், இதுல அவங்க கை கழுவ முடியாது.