பிபிசி மைக்ரோ: பரணிலிருந்து இறங்கிய ஆந்தை

பழைய கணினிகளைத் தூசி தட்டி ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. 1980களின் இங்கிலாந்துக் கணினியான பிபிசி மைக்ரோ பற்றிப் பலர் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

அண்ணா, பள்ளி ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது ஒரு வெளிர் பழுப்புக் கணினி கிடைத்தது. மேலே புள்ளிகளால் ஆன ஆந்தைப் படம். பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, பொறுங்கள். அது பிபிசி மைக்ரோதான். பின்னாலும் அடியிலும் ‘ஃபிக்ஸ்’ என்று எழுதிய திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் மூடி வந்துவிடும். இடப்பக்கம் இருக்கும் உலோகப் பெட்டிதான் பவர் சப்ளை. அதற்குள் மின்சார இரைச்சலை வடிகட்ட, மஞ்சளாகக் கண்ணாடி போன்ற உறைக்குள் காகிதம் சுற்றிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். நாற்பது வருடத்தில் உறை விரிசல் விட்டு ஈரம் ஏறியிருக்கும். அவசரப்பட்டு நானும் ஒருமுறை சுவிட்சைப் போட்டேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் ‘படார்’, அறை முழுக்கப் புகை. நாற்றம் போக இரண்டு நாள் ஆனது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகைக்கு நடுவிலும் கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது! அதே அளவில் எக்ஸ்2 வகை (மெயின் மின்சாரத்தில் மாட்டுவதற்கான பாதுகாப்பு வகை) புதுக் கெப்பாசிட்டர்கள் வாங்கி மாற்றுங்கள். மின்சார வேலை பழக்கமில்லை என்றால் டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இங்கிலாந்துக் கணினி நம் பள்ளிக்கு எப்படி வந்தது?

1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குப் போனது பிபிசி மைக்ரோதான். பிறகு ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ என்ற பெயரில் உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரித்தார்கள்.

சார், வெறும் 32 கேபி (கிலோபைட்) ரேமில் என்னதான் செய்ய முடிந்தது?

அதிலும் திரைக்கு ஒரு பங்கு போய்விடும். திரையில் காட்டும் விதங்களுக்கு ‘மோட்’ என்று பெயர். 640×256 புள்ளிகள் கொண்ட ‘மோட் 0’ மட்டுமே 20 கேபியை விழுங்கும். எழுத்துகளுக்கான ‘மோட் 7’க்கு 1 கேபி போதும். அதனால் யாரும் சிக்கனமாக எழுதப் பழகிவிடுவார்கள். 1984இல் வந்த ‘எலைட்’ விளையாட்டைப் பாருங்கள். திரையின் மேல்பாதி நுணுக்கமான கறுப்பு வெள்ளை, கீழே நான்கு வண்ணம். திரை வரையப்படும்போதே பாதியில் மோடை மாற்றுகிற வித்தை அது.

ஸ்பெக்ட்ரம் நல்லதா, பிபிசியா?

ஸ்பெக்ட்ரம் என்பது அதே காலத்துப் போட்டிக் கணினி. 1982இல் அது 125 பவுண்டிலிருந்து கிடைத்தது. பிபிசியின் பி மாடல் 399 பவுண்டு. அப்பாவின் பர்ஸ்தான் முடிவு செய்திருக்கும். விசைப்பலகைக்காகவே நான் பிபிசி கட்சி.

நம் செல்போனில் இருக்கும் ஏஆர்எம் வகைப் பிராசசர் இதன் வாரிசு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பிபிசி மைக்ரோவைச் செய்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஏகான் நிறுவனம். இயந்திரத்தின் அடியில் ‘டியூப்’ என்று ஒரு இணைப்பு உண்டு. அதில் இன்னொரு பிராசசரை மாட்டினால் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். விசைப்பலகை, திரை, டிஸ்க் வேலை எல்லாம் பிபிசிக்குள்ளேயே இருக்கும் பழைய 6502 பிராசசருக்கு. புதிய பிராசசரைச் சோதிக்க இதைவிட வசதி என்ன வேண்டும்? ஏகான் பொறியாளர்களில் சோஃபி வில்சன் ஏஆர்எம்மின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தார், ஸ்டீவ் ஃபர்பர் சிப்பின் உள்ளமைப்பை. அது எப்படி நடந்துகொள்ளும் என்று இந்தக் கணினியின் நிரல் மொழியான பிபிசி பேசிக்கிலேயே எழுதிப் பார்த்தார்கள்.

1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்தது, மாட்டியதும் ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் அம்மீட்டரை வைத்தால் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. தேடிப் பார்த்தால், போர்டில் இருந்த கோளாறால் சிப்புக்கு மின்சாரமே போகவில்லை! பக்கத்துச் சிப்புகளின் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்ததை வைத்தே ஓடியிருக்கிறது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறைக்குள் சூடாகாமல் இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு சிக்கனமாகத் திட்டமிட்டிருந்தார்கள். பின்னாளில் பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு அதுவே வாய்ப்பாகிவிட்டது.

அண்ணா, ஸ்டோர் ரூம் கணினிக்காரன்தான். கெப்பாசிட்டர் மாற்றியாச்சு. இனி?

சபாஷ்! இப்போது சுவிட்சைப் போட்டுக் காதைக் கொடுங்கள். தாழ்ந்த குரலில் ஒரு ‘பூ’, உடனே ஒரு ‘பீப்’ என்றால் உயிர் இருக்கிறது. ‘பூ’ நிற்காமல் நீண்டுகொண்டே போனால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாக மெல்ல எடுத்துத் திரும்ப அழுத்துங்கள். கால்களில் படிந்த துரு போனாலே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். படத்துக்கு இப்போதைக்குப் பழைய டிவி போதும். எந்தச் சத்தம் வந்தது என்று சொல்லுங்கள்.