காலியாகக் கிடக்கும் அணைக்குக் கீழே வீடு வாங்கலாமா?

கேள்வி: என் மகன் கலிஃபோர்னியாவில், சில்மார் பகுதியில் வீடு பார்த்திருக்கிறான். மேலே மலையில் பகோய்மா என்ற பழைய கான்கிரீட் அணை இருக்கிறது. பூகம்பம் வரும் பூமி. அணையோ பெரும்பாலும் காலியாகவே தெரிகிறதாம். ஏதாவது கோளாறா? வீட்டை வாங்கலாமா?

பதில்: காலியாக இருப்பது கோளாறு அல்ல, அதுதான் அந்த அணையின் வேலை. 1929-இல் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியது. சான் கேப்ரியல் மலையில் மழை கொட்டினால் தண்ணீர் மண்ணையும் கல்லையும் உருட்டிக்கொண்டு சரசரவென இறங்கிவிடும். அதைப் பிடித்துவைத்து, கீழே கால்வாய் தாங்கும் அளவுக்கு மெல்ல விட வேண்டும். முன்கூட்டியே நிரப்பி வைத்தால் அடுத்த வெள்ளத்துக்கு ஏது இடம்? விடும் நீரில் ஒரு பகுதியைக் கீழே பரந்த குளங்களில் தேக்கி நிலத்தடிக்கு இறக்குகிறார்கள்.

பூகம்ப பயம் நியாயமானது. இடுக்கி அணையைப் போல இதுவும் வளைவு அணை; 113 மீட்டர் உயரம். தண்ணீரின் தள்ளலை இரு பக்கப் பாறைகளுக்குக் கடத்திவிட்டு நிற்கிறது. அதனால் சுவரைவிடப் பாறையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 1971 பூகம்பத்தில் இடது பக்கப் பாறைமுகட்டில் இருந்த கருவி, புவியீர்ப்பை மிஞ்சும் அதிர்வைப் பதிவு செய்தது. அதன்பிறகு அந்தப் பாறையை எஃகு வடங்களால் இறுக்கிக் கட்டினார்கள். 1994-இல் வந்த இன்னொரு பூகம்பத்தில் அதே பக்கம் மறுபடி நகர்ந்தது; வளைவுக்கும் பக்கத் தாங்கிக்கும் இடையிலான இணைப்பு, உச்சியில் சுமார் 5 சென்டிமீட்டர் விரிந்தது. சரிசெய்தார்கள். இரண்டு முறையும் அணை உடையவில்லை. ஆனால் இரண்டு முறையும் நீர்மட்டம் உச்சிக்கு வெகு கீழே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, மகன் என்ன செய்யலாம்? அணை உடைந்தால் நீர் பரவும் இடங்களைக் காட்டும் வரைபடங்களை மாநில நீர்வளத் துறை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. அதில் வீட்டு முகவரியைத் தேடிப் பார்க்கட்டும். விற்பவர் தரவேண்டிய இயற்கை அபாய அறிக்கையிலும் இதற்கென ஒரு கேள்வி உண்டு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் பூகம்பத்தையும் சேர்க்காது. இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீடு வழக்கமாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால் மழைக்காலம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று, என் பார்வையில் அணையைவிட அடிக்கடி வரக்கூடிய ஆபத்து: காட்டுத்தீக்குப் பிந்தைய சேற்றுப் பெருக்கு. எரிந்த சரிவில் நல்ல மழை பெய்தால் போதும், சேறு பாறையோடு இறங்கும். அணைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கின் சேற்றை அணை பிடித்துக்கொள்ளும். பக்கத்துச் சிறு ஓடைகளுக்கு அந்தக் காவல் இல்லை. வீடு அப்படியொரு ஓடையின் வாயில் இருந்தால் நான் வேறு வீடு பார்க்கச் சொல்வேன்.