1500 வாட் ஹீட்டர் 1026 வாட் மட்டுமே எடுப்பது ஏன்?

உங்கள் 1500 வாட் ஹீட்டரை அளந்தால் 190 வோல்ட், 5.4 ஆம்பியர், அதாவது 1026 வாட்தான் வருகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹீட்டரின் காயிலில் பழுது இல்லை; அதற்கு வரும் மின்னழுத்தம்தான் குறைவு. நீங்கள் அளந்த 190 வோல்ட்டை 5.4 ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 35.2 ஓம், லேபிளில் உள்ள 230 வோல்ட், 1500 வாட் கணக்கின்படி (230 × 230 ÷ 1500) வர வேண்டியதும் 35.3 ஓம்தான். மின்தடை மாறாதபோது திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும் என்பதால், 190 × 5.4 = 1026 வாட் என்ற உங்கள் கணக்கும் சரியே.

உசிலம்பட்டிக்கு வெளியே தோட்டத்து வீடு என்கிறீர்கள். நீண்ட லைனின் கடைசியில் மாலை வேளையில் மின்னழுத்தம் இறங்கியிருக்கலாம். ஹீட்டரை அணைத்துவிட்டு அதே சாக்கெட்டில் அளந்து பாருங்கள். அப்போதும் 190 என்றால் குறை வெளி லைனில்தான்; மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஹீட்டர் அணைந்திருக்கும்போது 225 காட்டிவிட்டு, அதைப் போட்டதும் 190-க்கு இறங்கினால்தான் எனக்குக் கவலை. இடையில் விழும் 35 வோல்ட்டை 5.4 ஆல் பெருக்கினால் 189 வாட். அவ்வளவு வெப்பமும் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரிலோ தளர்ந்த ஓர் இணைப்பிலோ வெளியாகிறது. மெயினை அணைத்த பின், பிளக்கின் பித்தளை முனைகள் கறுத்திருக்கின்றனவா, சாக்கெட்டின் துளையோரம் உருகியிருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை ஹீட்டரைப் போடவே வேண்டாம்.

இந்தக் கணக்கைக் கிணற்று மோட்டாருக்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே திறன் காரணியையும் (power factor: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாகும் பங்கு) சேர்த்துப் பெருக்க வேண்டும்.