வான் ஹேலன் '1984': கிட்டார்காரர் கீபோர்டில் உட்கார்ந்த கதை

அமெரிக்க ராக் குழு வான் ஹேலனின் '1984' ஆல்பத்தில் வரும் 'ஜம்ப்' பாட்டைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

கே: அண்ணா, கிட்டாருக்கே பேர்போன எட்டி வான் ஹேலன் திடீரென்று ஏன் சிந்தசைசருக்கு, அதாவது மின்னணு ஒலி எழுப்பும் கீபோர்டுக்கு, போனார்?

ப: திடீரென்று எல்லாம் இல்லை தம்பி. சின்ன வயதில் அவர் முறையாகக் கற்றது பியானோ. கிட்டார் அப்புறம்தான். 1980-லேயே 'அண்ட் த கிரேடில் வில் ராக்' பாட்டில் வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோவை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்திருக்கிறார். அதன் தொடக்கத்தைக் கிட்டார் என்றே நினைத்தவர்கள் ஏராளம். நானும்தான்.

கே: குழுவுக்குள் இதனால் சண்டையாமே?

ப: புகைச்சல் இருந்தது உண்மை. 'ஜம்ப்' மெட்டை எட்டி முன்பே போட்டுவிட்டார். பாடகர் டேவிட் லீ ராத்துக்குப் பிடிக்கவில்லை. கிட்டார் ஹீரோ கீபோர்டைத் தொடக் கூடாது என்பது அவர் கட்சி. 1982-இல் வந்த 'டைவர் டவுன்' ஆல்பத்தில் ஐந்து பாட்டுகள் பிறருடையவை. எட்டிக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 1983-இல் தன் வீட்டு வளாகத்திலேயே 5150 என்ற ஸ்டூடியோவைக் கட்டினார். என்னைக் கேட்டால் திருப்புமுனை சிந்தசைசர் அல்ல, இந்த ஸ்டூடியோதான். ஒலிப்பதிவாளர் டான் லாண்டியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்காரலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கே: என்னிடம் சாதாரண கீபோர்டுதான் இருக்கிறது சார். அந்த ஒலி வருமா?

ப: ஓரளவு வரும். அவர் வாசித்தது ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ என்ற சிந்தசைசர். உங்கள் கீபோர்டின் ஒலிப் பட்டியலில் 'சிந்த் பிராஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வசதி இருந்தால் இரண்டு ஆஸிலேட்டர்களை (ஒலியை உண்டாக்கும் பகுதிகள்) மயிரிழை சுருதி விலக்கி வையுங்கள். அந்த அகலம் அதில்தான் வருகிறது. இடது கை தம்புரா மாதிரி ஸி-யிலேயே நிற்கட்டும். மேலே வலது கையில் எஃப், ஜி, ஸி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) நகரட்டும். கார்டு மாறியும் அடி ஸ்வரம் மாறாததால் ஒரு இழுபறி வரும் பாருங்கள், பாட்டின் உயிரே அதுதான். தாளம் சுத்தமாக இருக்கட்டும். அவசரப்பட்டால் கல்யாண பேண்டு வாத்தியம் ஆகிவிடும்.

கே: அப்போ கிட்டார் ரசிகர்களுக்கு இது துரோகம்தானே?

ப: ஆல்பத்தைக் கேட்டீர்களா? ஒன்பது உருப்படிகளில் சிந்தசைசர் முன்னால் நிற்பது மூன்றில்: முகப்பு இசை, 'ஜம்ப்', 'ஐ'ல் வெயிட்'. கிட்டார் பாட்டுகளான 'பனாமா'வும் 'ஹாட் ஃபார் டீச்சர்'உம் அதே வட்டில்தான் இருக்கின்றன. 'ஜம்ப்'பிலேயே நடுவில் கிட்டார் சோலோ வருகிறதே!

கே: ஆல்பம் நம்பர் 1 ஆனதா?

ப: 'ஜம்ப்' அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆல்பம் இரண்டாம் இடத்தோடு சரி. மேலே உட்கார்ந்திருந்தது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. அதில் 'பீட் இட்' பாட்டுக்குக் கிட்டார் சோலோ வாசித்தவர் யார் தெரியுமா? நம்ம எட்டியேதான்.